சுங்கம் தவிர்த்த சந்தை: பொருளாதாரக் கூட்டமைப்பில் ஒரு நாடு சேர்ந்தால் வணிகமும் அந்நிய முதலீடும் என்ன ஆகும்?

2008 வாக்கில் ஜெர்மனியிலோ இத்தாலியிலோ ஒருவர் ஹூண்டாய் ஐ10 கார் வாங்கியிருந்தால், அது ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் செய்த கார். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி அவ்வளவு தூரம் போனது. 2013-ல் அந்தக் காரின் அடுத்த தலைமுறை வந்தபோது, ஐரோப்பாவுக்கான உற்பத்தி துருக்கியில் உள்ள இஸ்மித் நகரத்துக்குப் போய்விட்டது. அதற்கு முன்பே, 2010 வாக்கில், ஐ20 காரின் ஐரோப்பிய உற்பத்தியில் ஒரு பங்கும் அங்கே நகர்ந்திருந்தது.

காரணம் ஒன்று மட்டுமில்லை. இங்கே நடந்த தொழிலாளர் போராட்டங்கள் பேசப்பட்டன. கப்பல் பயண நாட்களும் ஒரு காரணம். ஆனால் தொழிற்சாலைக்கு இடம் பார்க்கும் எவரும் தாண்டிப் போக முடியாத கணக்கு ஒன்று இருந்தது. வெளியிலிருந்து வரும் காருக்கு ஐரோப்பிய ஒன்றியம் போடும் வழக்கமான சுங்க வரி 10 விழுக்காடு. இந்தியாவிலிருந்து போகும் காருக்கு வரி உண்டு. துருக்கியிலிருந்து போகும் காருக்கு ஒரு காசு கிடையாது. இத்தனைக்கும் துருக்கி ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடே இல்லை. 1996 தொடக்கம் முதல் அதனுடன் சுங்க ஒன்றியத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு வேலி எங்கே ஓடுகிறது என்பதைப் பொறுத்து ஒரு தொழிற்சாலை எந்த ஊரில் நிற்கும் என்பது மாறுகிறது. பொருளாதாரக் கூட்டமைப்பு என்று நாளிதழ்களில் படிக்கிற சமாச்சாரத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அதை அடியிலிருந்து பார்த்துவிடலாம்.

வேலியும் கதவும்

முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர். அவன் காலம் 1070 முதல் 1120 வரை. பொதி மாடு ஒவ்வொரு எல்லையிலும் நின்று தீர்வை கட்டிவிட்டு நகர்ந்தால், ஊர் போய்ச் சேரும்போது உப்பின் விலையே வேறாகிவிடும். அந்தத் தீர்வையை நீக்கியதற்காக ஒரு மன்னனை மக்கள் பெயர் சொல்லி நினைவு வைத்திருக்கிறார்கள் என்றால், அது எவ்வளவு பெரிய சுமையாக இருந்திருக்கும்! அவன் தன் நாட்டுக்குள் செய்ததை, இன்று பல நாடுகள் ஒப்பந்தம் போட்டுத் தங்களுக்கிடையே செய்கின்றன.

இதில் படிகள் உண்டு. முதல் படி தடையற்ற வர்த்தகப் பகுதி. உறுப்பு நாடுகள் தங்களுக்குள் சுங்க வரியைக் குறைக்கும் அல்லது நீக்கும். வெளி உலகத்துக்கு எவ்வளவு வரி போடுவது என்பது அவரவர் விருப்பம். அடுத்த படி சுங்க ஒன்றியம். உள்ளே வரி இல்லை என்பதோடு, வெளியிலிருந்து வருவதற்கும் எல்லா உறுப்பு நாடுகளும் ஒரே வரி போடும். ஹாம்பர்க் துறைமுகத்தில் இறங்கினாலும் ஏதென்ஸ் பக்கம் இறங்கினாலும் அதே வரிதான். மூன்றாவது படி ஒற்றைச் சந்தை. பொருளோடு பணம், சேவை, ஆட்கள் எல்லாமே எல்லை தாண்டிப் போகலாம். தரக் கட்டுப்பாடு விதிகளும் ஒன்றாகிவிடும். அதற்கும் மேலே பொது நாணயம்.

முதல் படிக்கும் இரண்டாவது படிக்கும் இடையே உள்ள வேறுபாடு சின்னதாகத் தெரியும். அது சின்னதல்ல என்று காட்ட நமக்குப் பக்கத்திலேயே ஒரு கதை இருக்கிறது.

இந்தியாவும் இலங்கையும் 1998-ல் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் செய்துகொண்டன. 2000-ல் அது நடைமுறைக்கு வந்தது. அந்தச் சமயத்தில் பாமாயிலுக்கு இந்தியா போட்ட இறக்குமதி வரி மிக அதிகம், இலங்கையில் குறைவு. வனஸ்பதி பாமாயிலிலிருந்து செய்வது. நம் ஊர்த் தொழிலதிபர்கள் சிலர் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். இலங்கையில் ஆலை போட்டு, குறைந்த வரியில் பாமாயிலை அங்கே இறக்கி, வனஸ்பதியாக்கி, வரி இல்லாமல் இந்தியாவுக்குள் அனுப்பினால் என்ன? ஆலைகள் முளைத்தன. வனஸ்பதி வந்து குவிந்தது. இங்கிருந்த வனஸ்பதி உற்பத்தியாளர்கள் கொதித்தார்கள். ஆண்டுக்கு இவ்வளவுதான் வரலாம் என்று அளவு வைக்கப்பட்டது. பிறகு இந்தியா பாமாயில் வரியை வெகுவாகக் குறைத்ததும் அந்த வேறுபாடு மறைந்தது, ஆலைகளும் மூடப்பட்டன.

இலங்கைக்கு அந்நிய முதலீடு வந்ததா என்றால், வந்தது. ஏற்றுமதி கூடியதா என்றால், கூடியது. ஆனால் வரி வித்தியாசத்தை மட்டும் நம்பி வந்த முதலீடு, வித்தியாசம் போனதும் மூட்டையைக் கட்டியது. கூட்டமைப்பில் சேர்ந்தால் முதலீடு வரும் என்று யாராவது சொன்னால், எந்த மாதிரி முதலீடு என்று நான் உடனே கேட்பது இந்தக் கதையை அறிந்த பிறகுதான்.

இப்படி ஒரு நாட்டின் குறைந்த வரி வழியாக இன்னொரு நாட்டுக்குள் சரக்கு புகுவதைத் தடுக்கத்தான் பிறப்பிட விதி என்று ஒன்று இருக்கிறது. ஒரு பொருள் உண்மையிலேயே அந்த நாட்டில் உருவானதுதானா என்று பார்க்கும் விதி. இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி, பொருளின் மதிப்பில் குறைந்தது 35 விழுக்காடாவது உள்நாட்டில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். விதி இருந்தாலும் காவல் காப்பது கடினம். வியட்நாம் மிளகு இலங்கை மிளகு என்ற பெயரில் வந்து இறங்குகிறது என்று கேரளத்திலும் குடகிலும் மிளகு விவசாயிகள் பல ஆண்டுகள் முறையிட்டார்கள். 2017 டிசம்பரில் இந்திய அரசு, கிலோ 500 ரூபாய்க்குக் குறைவான மிளகை இறக்குமதி செய்யக் கூடாது என்று விலை வரம்பு வைத்தது. ஒரு மிளகைப் பார்த்து, நீ எந்தக் கொடியில் காய்த்தாய் என்று சுங்க அதிகாரி கேட்க முடியாதே.

சுங்க ஒன்றியத்தில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. எந்த வாசல் வழியாக வந்தாலும் வெளிப் பொருளுக்கு ஒரே வரி என்பதால், சுற்றி வளைத்து வருவதில் லாபம் இல்லை.

ஸ்லோவாக்கியாவில் நடந்தது

இனி, ஒரு நாடு முழுதாக உள்ளே போனால் என்ன ஆகும் என்று பார்ப்போம். இதற்கு நான் எப்போதும் எடுத்துக்கொள்வது ஸ்லோவாக்கியாவை. சுமார் 54 லட்சம் பேர் வாழும் சின்ன நாடு. செக்கோஸ்லோவாக்கியா இரண்டாகப் பிரிந்தபோது, 1993 ஜனவரி 1 அன்று பிறந்தது. கம்யூனிச ஆட்சிக் காலத்தில் பீரங்கி வண்டியும் ஆயுதங்களும் செய்துகொண்டிருந்த பெரிய ஆலைகள் அங்கே இருந்தன. சோவியத் முகாம் கலைந்ததும் அவற்றுக்கு வாங்குவாரில்லை. 2001-ல் வேலையின்மை ஏறக்குறைய 19 விழுக்காடு.

இன்று அதே நாடு ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் கார் செய்கிறது. மக்கள்தொகையோடு வகுத்துப் பார்த்தால் உலகிலேயே அதுதான் முதலிடம். இந்த இரண்டுக்கும் நடுவே நடந்ததில் பெரிய பங்கு 2004 மே 1-ல் இருக்கிறது. அன்றுதான் அது வேறு ஒன்பது நாடுகளோடு சேர்ந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் நுழைந்தது.

அந்தத் தேதியை மட்டும் பிடித்துக்கொண்டால் கதை தப்பாகப் புரியும். ஏனென்றால் முதலீடு அந்தத் தேதிக்காகக் காத்திருக்கவில்லை.

1997 டிசம்பரில் லக்சம்பர்க் மாநாட்டில் போலந்து, ஹங்கேரி, செக் முதலிய நாடுகளைச் சேர்க்கைப் பேச்சுக்கு அழைத்தார்கள். ஸ்லோவாக்கியாவை அழைக்கவில்லை. விளாதிமிர் மெச்சியார் ஆட்சியில் ஜனநாயகம் சரியாக இல்லை என்பது குற்றச்சாட்டு. 1998 தேர்தலுக்குப் பின் மிக்குலாஷ் ஜுரிண்டா பிரதமரானார். 1999 டிசம்பரில் ஹெல்சிங்கி மாநாட்டில் கதவு திறந்தது. 2002 டிசம்பரில் சேர்க்கை உறுதியானது. அடுத்த மாதமே, 2003 ஜனவரியில், பிரான்ஸின் பெஜோ-சிட்ரோயன் நிறுவனம் டிரனாவா நகரில் ஆலை போடுவதாக அறிவித்தது. 2004 மார்ச்சில், சேர்வதற்கு இரண்டு மாதம் முன்பு, கொரியாவின் கியா தன் முதல் ஐரோப்பிய ஆலைக்கு ஜிலினா நகரைத் தேர்ந்தெடுத்தது. கடைசிவரை போட்டியில் இருந்தது போலந்து. ஃபோக்ஸ்வேகன் இன்னும் முன்பே, 1991-லேயே, தலைநகர் பிராட்டிஸ்லாவாவில் கால் வைத்துவிட்டது.

ஆலை கட்ட இரண்டு மூன்று ஆண்டு ஆகும். அது ஓடப்போவது இருபது முப்பது ஆண்டு. ஆகவே முதலீட்டாளர் பார்ப்பது, கதவு திறக்கும் நாளில் தன் ஆலை தயாராக இருக்குமா என்பதைத்தான். கல்யாணத் தேதி குறித்ததும் மண்டபம் பிடிக்க ஓடுவது போல, சேர்க்கை உறுதி என்று தெரிந்ததும் பணம் நகர ஆரம்பித்துவிடும். கூட்டமைப்பால் முதலீடு கூடியதா என்று ஆராய்கிறவர்கள் சேர்ந்த ஆண்டுக்குப் பிந்தைய புள்ளிவிவரத்தை மட்டும் பார்த்தால், விளைவில் பாதியைத் தவறவிட்டுவிடுவார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தி இருக்கிறது. அதை முதன்முதலில் அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. 2004-ல் ஸ்லோவாக்கியாவுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையே தொழில் பொருட்கள் மீது சுங்க வரி அநேகமாக இல்லவே இல்லை. 1995-ல் நடைமுறைக்கு வந்த இணைப்பு ஒப்பந்தத்தின்படி அந்த வரிகள் படிப்படியாக முன்பே போய்விட்டன. அப்படியானால் உள்ளே போனதால் என்னதான் மாறியது?

எல்லையில் லாரி நிற்கும் நேரம் மாறியது. 2004 ஏப்ரல் 30 வரை ஆஸ்திரிய எல்லையில் சரக்கு லாரி சுங்கத் தாள்களோடு நிற்க வேண்டியிருந்தது. மறுநாள் முதல் இல்லை. 2007 டிசம்பரில் ஷெங்கன் வட்டத்துக்குள் வந்ததும் பாஸ்போர்ட் சோதனையும் போயிற்று. 2009-ல் யூரோ வந்ததும் நாணய மாற்றுச் சிக்கலும் போயிற்று.

இது ஏன் பெரிது என்று பார்க்க ஜிலினாவுக்குப் பக்கத்தில் போக வேண்டும். கியா ஆலையில் என்ஜின் செய்கிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், செக் நாட்டின் நோஷோவிட்சே என்ற சிற்றூரில், அதன் பெரிய பங்குதாரரான ஹூண்டாய் 2008-ல் ஓர் ஆலை தொடங்கியது. அங்கே கியர்பாக்ஸ் செய்கிறார்கள். இரண்டுக்கும் இடையே நூறு கிலோமீட்டர்கூட இல்லை. ஜிலினாவின் என்ஜின்கள் நோஷோவிட்சேவுக்குப் போகின்றன. அங்கிருந்து கியர்பாக்ஸ்கள் இங்கே வருகின்றன. இரண்டு நாட்டு ஆலைகள், ஒரே கூரைக்கு அடியில் இருக்கும் இரண்டு பிரிவுகளைப் போல வேலை செய்கின்றன. கார் ஆலையில் உதிரிபாகத்தை மாதக்கணக்கில் அடுக்கி வைப்பதில்லை. வரவர மாட்டுவதுதான் வழக்கம். எல்லையில் லாரி அரை நாள் சிக்கினால் அங்கே வரிசை நின்றுவிடும். ஒவ்வொரு லாரிக்கும் சுங்கப் படிவம் நிரப்ப வேண்டும் என்றால் இப்படி இரண்டு நாடுகளில் ஆலையைப் பிரித்துப் போடவே யோசிப்பார்கள்.

பிரிட்டன் இதை எதிர்த் திசையில் கண்டது. 2021-ல் ஐரோப்பிய ஒற்றைச் சந்தையை விட்டு வெளியே வந்தபோது, வரி இல்லாத ஒப்பந்தம் அதன் கையில் இருந்தது. இருந்தாலும் படிவம், பிறப்பிடச் சான்று, உணவுப் பொருளுக்கு உடல்நலச் சான்று எல்லாம் வந்து சேர்ந்தன. சின்ன ஏற்றுமதியாளர்களுக்குத்தான் அடி அதிகம். பெரிய நிறுவனம் அதற்கென்று பத்துப் பேரை வேலைக்கு வைத்துக்கொள்ளும். வாரம் ஒரு பெட்டி பாலாடைக்கட்டி அனுப்புகிறவர் யாரை வைப்பார்?

அடுத்தது நம்பிக்கை. ஓர் அந்நிய நிறுவனம் பயப்படுவது வரியைவிட அரசு மனம் மாறுவதைக் கண்டுதான். இன்று சலுகை கொடுத்துவிட்டு ஐந்து வருடம் கழித்து ஆட்சி மாறினால்? ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வந்த நாடு தன் சந்தை விதிகளை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. மாற்றினால் லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை வழக்குப் போகும். 1997-ல் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்ட நாடு, ஆறே ஆண்டில் கொரியாக்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் ஆலை போடும் இடமானதற்கு இந்த உறுதி ஒரு பெரிய காரணம் என்றே நினைக்கிறேன். சின்ன நாடுகளுக்கு இது இன்னும் முக்கியம். 54 லட்சம் பேருக்குக் கார் விற்க யாரும் கொரியாவிலிருந்து வரமாட்டார்கள். 45 கோடிப் பேர் கொண்ட சந்தையின் உள்பக்கத்தில் நின்று செய்யலாம் என்பதால்தான் வந்தார்கள்.

எல்லாப் புகழையும் கூட்டமைப்புக்கே கொடுத்துவிடவும் கூடாது. 2004 ஜனவரியில் ஸ்லோவாக்கியா வருமான வரி, நிறுவன வரி, மதிப்புக் கூட்டு வரி மூன்றையும் ஒரே 19 விழுக்காடாக ஆக்கியது. கூலி ஜெர்மனியைவிட வெகு குறைவு. இரும்போடு பழகிய கைகள் ஏராளம். ஜிலினாவுக்குப் பக்கத்து ஊரான மார்ட்டினில் பீரங்கி வண்டி செய்தவர்கள் இருந்தார்கள். அதே நாளில் சேர்ந்த மற்ற நாடுகள் எல்லாவற்றுக்கும் இப்படிக் கார் ஆலைகள் வரிசை கட்டி வரவில்லை.

யாரிடம் வாங்குகிறோம் என்பது மாறுகிறது

வணிகத்துக்கு என்ன ஆகும் என்பதில் பொருளாதாரம் படிப்போர் முதலில் கற்கும் பாடம் ஒன்று உண்டு. 1950-ல் ஜேக்கப் வைனர் என்ற பொருளியல் அறிஞர் பிரித்துக் காட்டியது. சில கூட்டமைப்புகள் வணிகத்தைப் புதிதாக உருவாக்கும். சில, இருக்கிற வணிகத்தைத் திசை திருப்பும். ஒரு கற்பனைக் கணக்கு போட்டால் விளங்கிவிடும்.

ஒரு சட்டையை நம் நாட்டில் செய்ய 100 ரூபாய் ஆகிறது. கூட்டமைப்பில் சேரவிருக்கும் பக்கத்து நாடு 80 ரூபாய்க்குத் தருகிறது. தூரத்து நாடு ஒன்று 70 ரூபாய்க்கே தருகிறது. நம் சுங்க வரி 50 விழுக்காடு என்று வைப்போம். பக்கத்து நாட்டுச் சட்டை 120, தூரத்து நாட்டுச் சட்டை 105. ஆகவே நாம் உள்ளூர்ச் சட்டையை 100-க்கு வாங்குகிறோம். கூட்டமைப்பில் சேர்ந்ததும் பக்கத்து நாட்டுச் சட்டைக்கு வரி இல்லை, 80 ரூபாய்க்குக் கிடைக்கிறது. முன்பு 100 ரூபாய் உழைப்பில் கிடைத்தது இப்போது 80-க்கு வருகிறது. இது புதிதாக உருவான வணிகம். உள்ளூர்த் தையற்காரருக்கு அடி. நாட்டுக்கு மொத்தத்தில் லாபம்.

இப்போது வரியை மட்டும் 30 விழுக்காடு என்று மாற்றிப் பாருங்கள். பக்கத்து நாட்டுச் சட்டை 104, தூரத்து நாட்டுச் சட்டை 91. கூட்டமைப்புக்கு முன் நாம் வாங்கியது தூரத்து நாட்டுச் சட்டையை. கொடுத்த 91-ல் 21 ரூபாய் நம் அரசு கஜானாவுக்கு. சேர்ந்த பிறகு 80 ரூபாய்க்குப் பக்கத்து நாட்டுச் சட்டை. வாங்குகிறவருக்கு 11 ரூபாய் மிச்சம், அவருக்கு மகிழ்ச்சி. கஜானாவுக்கு 21 ரூபாய் நஷ்டம். நாடு முழுவதுக்குமாகப் பார்த்தால் சட்டைக்கு 10 ரூபாய் கைநஷ்டம், ஏனென்றால் 70-க்குக் கிடைத்ததை 80-க்கு வாங்குகிறோம். இது திசை திரும்பிய வணிகம். கடையில் விலை குறைந்ததால் யாருக்கும் இந்த நஷ்டம் கண்ணில் படாது. அதனால்தான் இதைப் பற்றி அதிகம் பேசவேண்டும்.

நிஜ உலகில் இது எப்படி இருந்தது என்பதற்கு எஸ்டோனியாவின் சர்க்கரை. பால்டிக் கடலோரத்து இந்தக் குட்டி நாடு, சோவியத் பிடியிலிருந்து விடுபட்டதும் சுங்க வரியே அநேகமாக இல்லாத நாடாகத் தன்னை ஆக்கிக்கொண்டது. உலகத்தில் எங்கே மலிவோ அங்கே வாங்கியது. ஐரோப்பிய ஒன்றியமோ தன் பீட்ரூட் சர்க்கரை விவசாயிகளைக் காப்பாற்ற உயரமான வரிச் சுவர் கட்டியிருந்தது. உள்ளே சர்க்கரை விலை உலகச் சந்தையைப் போலப் பல மடங்கு. 2004 மே 1-ல் உள்ளே போனால் அந்தச் சுவர் எஸ்டோனியாவையும் சுற்றி வரும். மக்களுக்கு இது தெரிந்துவிட்டது. அந்த வசந்த காலத்தில் மூட்டை மூட்டையாக வாங்கிப் பரணில் அடுக்கினார்கள். கோடையில் காட்டுப் பழங்களைப் பறித்து ஜாம் காய்ச்சி வைப்பது அங்கே வீட்டுக்கு வீடு உள்ள வழக்கம். சர்க்கரை இல்லாமல் ஜாம் ஏது? பின்னர் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் கணக்கெடுத்து, அளவுக்கு மீறிச் சுமார் 91,000 டன் சர்க்கரை இருப்பு வைத்திருந்ததாகச் சொல்லி அந்த நாட்டின் மீது கோடிக்கணக்கான யூரோ அபராதம் விதித்தது. வீடுகளில் ஜாமுக்காக வாங்கி வைத்ததுதான் என்று எஸ்டோனியா வாதாடிப் பார்த்தது.

தடைகளை நீக்கும் கூட்டமைப்பில் சேர்ந்ததால் ஒரு நாட்டின் இறக்குமதி வரி ஏறியது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், கூட்டமைப்பு என்றாலே தாராள வர்த்தகம் என்ற எண்ணம் நீங்கிவிடும். உள்ளே கதவுகள் திறக்கும்போது வெளிச்சுவர் எவ்வளவு உயரம் என்பதையும் பார்க்க வேண்டும்.

வந்த பணம் எங்கே தங்கியது

மறுபடி ஸ்லோவாக்கியா. 2019-ல் அங்கே வேலையின்மை 6 விழுக்காட்டுக்கும் கீழே வந்துவிட்டது. 19-லிருந்து 6. ஒரு தலைமுறைக்குள் நடந்த இந்த மாற்றத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஏற்றுமதியில் ஐந்தில் நான்கு பங்கு ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கே போகிறது.

ஆனால் வரைபடத்தில் ஆலைகளைப் புள்ளி வைத்துப் பாருங்கள். பிராட்டிஸ்லாவா, டிரனாவா, நித்ரா, ஜிலினா என்று எல்லாம் மேற்கிலும் வடமேற்கிலும். தலைநகரையும் கிழக்கே உள்ள கோஷிட்சே நகரையும் இணைக்கும் நெடுஞ்சாலை பல பத்தாண்டுகளாகக் கட்டி முடியாமல் இருக்கிறது. சாலை போன இடம் வரை முதலீடு போனது. கிழக்கு மாவட்டங்களில் வேலை தேடி ஆட்கள் மேற்கே வந்தார்கள், அல்லது லண்டனுக்கும் டப்ளினுக்கும் போனார்கள். உள்ளே வருவது முதலீடு மட்டுமில்லை, வெளியே போவதும் உண்டு. 2004-லேயே பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் மூன்றும் புதிய உறுப்பு நாட்டுத் தொழிலாளர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டன. படித்த இளைஞர்களும் செவிலியர்களும் போன பிறகு ஆலைகளே ஆள் கிடைக்காமல் திண்டாடின.

விவசாயிகளின் நிலை வேறு. மே 1 அன்றே அவர்கள் பிரெஞ்சு, ஜெர்மன் விவசாயிகளோடு ஒரே சந்தையில் நின்றார்கள். ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் தந்த நேரடி மானியம் முதல் ஆண்டில் பழைய உறுப்பு நாடுகளுக்குக் கொடுப்பதில் 25 விழுக்காடுதான். அது முழு அளவை எட்டப் பத்து ஆண்டு வைத்திருந்தார்கள். ஒருவனுக்கு முழுச் சாப்பாடு, ஒருவனுக்குக் கால் சாப்பாடு போட்டுவிட்டு இருவரையும் ஒரே களத்தில் மல்லுக்கட்ட விட்ட மாதிரி. இது நியாயமில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கூலி விஷயம் 2017 ஜூனில் வெடித்தது. பிராட்டிஸ்லாவா ஃபோக்ஸ்வேகன் ஆலையில், அதன் வரலாற்றில் ஏறக்குறைய முதல்முறை எனும்படியான பெரிய வேலைநிறுத்தம். விலை உயர்ந்த போர்ஷே கயென், ஃபோக்ஸ்வேகன் டுவாரெக் போன்ற வண்டிகள் அங்கேதான் உருவாகிக்கொண்டிருந்தன. அதே தரத்தில் அதே வேலையைச் செய்கிற எங்களுக்கு ஜெர்மன் தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு பங்குதானா என்பது கேள்வி. ஆறு நாள் நின்ற பிறகு, படிப்படியாக 14 விழுக்காடு உயர்வுக்கு நிறுவனம் ஒப்புக்கொண்டது. மலிவான கூலிக்காக வந்த முதலீடு, கூலி ஏறும்போது என்ன செய்யும் என்ற கவலை அன்றிலிருந்து அந்த நாட்டை விட்டுப் போகவில்லை. வடிவமைப்பும் ஆராய்ச்சியும் பெரும்பாலும் தாய் நிறுவனத்தின் ஊரிலேயே இருக்கின்றன. ஸ்லோவாக்கியாவில் பூட்டிச் சேர்க்கும் வேலை. லாபம் ஆண்டுதோறும் ஜெர்மனிக்கும் கொரியாவுக்கும் போகிறது. ஒருவருக்கான வருமானம் 2004-ல் ஐரோப்பிய சராசரியில் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தது, பிறகு விறுவிறுவென்று 70-ஐத் தாண்டியது, அதற்கப்புறம் பல ஆண்டுகளாக அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. முதல் ஓட்டத்தைக் கூட்டமைப்பு கொடுத்தது. பள்ளி, பல்கலைக்கழகம், கிழக்குக்குச் சாலை ஆகியவற்றை நாடே செய்துகொள்ள வேண்டியிருந்தது, அங்கேதான் சுணங்கியது.

தனியாகப் பேரம் பேச முடியாது

நித்ராவில் 2018 அக்டோபரில் திறந்த ஆலை ஜாகுவார் லேண்ட் ரோவருடையது. உரிமையாளர் நம் டாடா குழுமம். 140 கோடி யூரோ முதலீடு. ஸ்லோவாக்கிய அரசு கொடுக்க நினைத்த சுமார் 12.5 கோடி யூரோ உதவியைக்கூட ஐரோப்பிய ஆணையம் ஓராண்டுக்கு மேல் விசாரித்த பிறகுதான் அனுமதித்தது. ஓர் உறுப்பு நாடு இன்னொன்றைவிட அதிகமாகக் கொடுத்து ஆலையைக் கவர்ந்துவிடக் கூடாது என்பது விதி. இந்தியாவில் மாநிலங்கள் சலுகைப் போட்டி போடுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்த விதி கொஞ்சம் பொறாமையைக் கிளப்பும்.

நித்ராவில் டிஃபெண்டர் செய்கிறார்கள். ரேஞ்ச் ரோவர் இங்கிலாந்தின் சோலிஹல்லில். 2025-ல் அமெரிக்கா கார் இறக்குமதிக்குக் கடும் வரி போட்டபோது, பிரிட்டன் தனியாகப் பேசி ஆண்டுக்கு ஒரு லட்சம் கார் வரை 10 விழுக்காடு என்று முடித்தது. ஐரோப்பிய ஒன்றியம் எல்லா உறுப்பு நாடுகளுக்குமாகப் பேசி 15 விழுக்காடு என்று முடித்தது. ஒரே நிறுவனம், ஒரே காட்சியறை, பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு வண்டிகள். ஒன்றுக்கு 10, மற்றதற்கு 15. ஸ்லோவாக்கியா தனியாக வாஷிங்டன் போய்ப் பேச முடியாது. வணிக அதிகாரம் ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸிடம் இருக்கிறது. வேறொரு நாளில் 45 கோடிப் பேரின் சந்தையைக் காட்டிப் பேசும் பலம் அதே பிரஸ்ஸல்ஸால்தான் கிடைக்கிறது என்பதும் உண்மை.

இந்தியா 2019 நவம்பர் 4 அன்று பாங்காக்கில், ஆசிய-பசிபிக் நாடுகளின் ஆர்செப் கூட்டமைப்பில் சேரமாட்டோம் என்று விலகியது. மற்ற 15 நாடுகள் 2020 நவம்பரில் கையெழுத்திட்டன. 2022 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. பால் உற்பத்தியாளர்களுக்கு நியூசிலாந்தைக் கண்டு பயம், சிறு தொழில்களுக்குச் சீனாவைக் கண்டு பயம். அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் உள்ளே போகாததற்கும் ஒரு விலை உண்டு. வியட்நாமில் ஆலை போடுகிறவர் சீன உதிரிபாகத்தையும் கொரிய உதிரிபாகத்தையும் ஒரே பிறப்பிட விதியின் கீழ் கூட்டிக்கொள்ளலாம். ஸ்ரீபெரும்புதூரில் போடுகிறவரால் முடியாது. விலகியது சரியா தவறா என்று விவாதிக்கும்போது இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பேசுகிறவர்கள் குறைவு என்பது என் ஆதங்கம்.

உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் நடுவில் நிற்பது எப்படி இருக்கும் என்பதற்கு இஸ்மித் இருக்கும் துருக்கிதான் சாட்சி. சுங்க ஒன்றியத்தில் இருப்பதால் ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளி வரியைத் துருக்கியும் பின்பற்ற வேண்டும். ஆனால் அந்த வரியை முடிவு செய்யும் மேசையில் அதற்கு நாற்காலி இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் தென்கொரியாவோடு செய்த ஒப்பந்தம் 2011 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. கொரியப் பொருள் வரி இல்லாமல் ஐரோப்பாவுக்குள் இறங்கி, அங்கிருந்து துருக்கிக்குள்ளும் வரலாம். துருக்கிப் பொருளுக்குக் கொரியாவில் அந்தச் சலுகை இல்லை. துருக்கி ஓடிப்போய்த் தனியாகப் பேசி, 2013 மே மாதத்தில்தான் தன் ஒப்பந்தத்தைப் பெற்றது. கொரியா பேச முன்வந்தது. மெக்சிகோ 2000-லேயே ஐரோப்பிய ஒன்றியத்தோடு ஒப்பந்தம் முடித்த நாடு. துருக்கிக்கு அதனோடு இன்றுவரை ஒப்பந்தம் இல்லை. ஐரோப்பாவின் கதவு வழியாக மெக்சிகோ சரக்கு ஏற்கெனவே உள்ளே வர முடியும்போது, அவர்கள் எதற்காகத் துருக்கியோடு தனியாக உட்கார்ந்து பேச வேண்டும்?